இடம் மாறும் சக்கரங்கள்

சேலத்தில் தொடங்கி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் ஆகிய ஊர்களைத் தொட்டும் தொடாமலும் கடந்து, உளுந்தூர்ப்பேட்டையில் திருச்சிப் பெருவழியோடு சேருகிற நெடுஞ்சாலையில் டயர்க்கடை இல்லாத ஊர் அபூர்வம். அக்கடைகளில் ஒரு சிறு வாதம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். வண்டி பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று வந்து நிற்கிறவரிடம், "அப்படியே பேலன்சிங்கும் பார்த்துடலாம் சார்" என்று கடைக்காரர் சொல்வார், "போன தடவைதானே பார்த்தீங்க, திரும்ப எதுக்கு?" என்று வந்தவர் முகத்தைச் சுளிப்பார். இவ்விருவரில் நியாயம் யார் பக்கம் என்பதை நிர்ணயிக்க இயந்திர சாஸ்திரம் ஓரளவுக்குத்தான் உதவும். மீதியைச் சொல்லக்கூடியது இந்தப் பிரதேசத்துச் சாலைகளின் சரித்திரமே என்பது என் அபிப்பிராயம். சக்கரத்தை இடம் மாற்றும் வழக்கமும் அதன் எடையைச் சமன் செய்யும் வழக்கமும் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. ஒரே தேவையிலிருந்து பிறந்தவையும் அல்ல. முன்னது சிக்கனத்தின் குழந்தை. பின்னது வேகத்தின் குழந்தை.

சக்கரத்தோடு இந்த நிலத்துக்கு உள்ள உறவு மிகப் பழமையானது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கியுள்ள திருக்கோவலூர்ச் சீமையை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, இரவலருக்குத் தேர் ஈந்த புகழுக்கு உரியவன். கள்ளுண்டு மகிழ்ந்திருக்கும் வேளையில் தேரைத் தூக்கிக் கொடுத்துவிடுவது யாருக்கும் எளிது, இவனோ தெளிந்த நிலையிலேயே கொடுத்தான் என்ற கருத்தை வைத்துக் கபிலர் அவனைப் பாராட்டிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தேரைப் பெற்றுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அதன் பராமரிப்புச் செலவுக்கு என்ன செய்தார்கள் என்பது பற்றிப் புலவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அதே தொகை நூலில், உப்பு வணிகரான உமணர், மேட்டிலும் பள்ளத்திலும் வண்டிக்கு என்ன நேருமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட செய்தியை ஔவையார் ஓர் உவமையாக எடுத்தாள்கிறார். ஆகவே, உபரி உறுப்பைச் சுமந்து செல்லும் முன்யோசனை நமக்கு மிகப் பழையது. 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில், ஸ்டெப்னி வீதியில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் மோட்டார் வண்டிக்கு உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கியபோது, உமணர்களின் யோசனைதான் வேறு உருவில் மறுபிறவி எடுத்தது.

கட்டை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலைச் சற்று நின்று பார்ப்பது பிரயோஜனமுள்ளது. ஏனெனில் அந்தத் தொழிலில் எவை கவனிக்கப்பட்டன, எது கவனிக்கப்படவில்லை என்பதில்தான் நம் கேள்வியின் வேர் இருக்கிறது. வைரம் பாய்ந்த கருவேல மரத்தில் குடம் கடைந்து, அதில் ஆரக்கால்களைத் தைத்து, ஆரக்கால்களின் மறுமுனைகளை வட்டைத் துண்டுகளில் இறக்கி வட்டத்தைக் கூட்டி முடித்ததும் தச்சருடைய வேலை ஓய்ந்து கொல்லருடைய வேலை தொடங்கும். சக்கரத்தின் சுற்றளவைவிட மயிரிழை குறைவாக வளைத்துப் பற்றவைத்த இரும்புப் பட்டாவைத் தரையில் கிடத்தி, அதன்மேல் வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டுவார்கள். பட்டா செவ்வொளி வீசும் பதத்துக்கு வந்தவுடன், மூன்று நான்கு பேர் நீண்ட குறடுகளால் அதைத் தூக்கிவந்து சக்கரத்தின்மேல் பொருத்தி, சம்மட்டியால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குவார்கள். மரம் கருகிப் புகையும். தயாராக நிற்கும் குடத்துத் தண்ணீர் உடனே அதன்மேல் ஊற்றப்படும். இரும்பு சுருங்கும்போது வட்டையின் இணைப்புகளெல்லாம் நெறுநெறுவென்று ஓசையிட்டு ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். பிறகு சக்கரத்தை இருசில் மாட்டிக் கையால் சுழற்றி, பக்கத்தில் நட்ட ஒரு குச்சிக்கும் வட்டைக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைகிறதா என்று பார்ப்பார்கள். கோட்டம் இருந்தால் தட்டிச் சரிசெய்வார்கள். வைக்கோல் சாம்பலும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மசியைப் பூசிக் கடையாணியைச் செருகினால் வேலை முடிந்தது. கோடையில் மரம் வற்றிப் பட்டா தளர்ந்தால், சக்கரத்தைக் கழற்றி ஏரித்தண்ணீரில் ஊறப் போடுவதோடு வைத்தியம் தீர்ந்துவிடும்.

இதில் வட்டம் பார்க்கப்பட்டது, நேர்மை பார்க்கப்பட்டது, உறுதி பார்க்கப்பட்டது. சக்கரத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கனமாக இருக்கிறதா என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. இது அறியாமையன்று. பார்ப்பதற்கு அங்கே காரியமே இல்லை. சக்கரத்தின் ஓரத்தில் கூடுதலாக இருக்கும் எடை, சுழலும்போது வெளிநோக்கி இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும், வேகம் பத்து மடங்கானால் இழுப்பு நூறு மடங்காகும். சாதாரணக் கார் ஒன்றின் பதினான்கு அங்குல ரிம்மின் விளிம்பில் 30 கிராம் பளு அதிகமாக இருக்கிறதென்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மாட்டு வண்டியின் நடையான மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் அது இழுக்கும் இழுப்பு ஏழெட்டு கிராம் எடைக்குச் சமம். 40 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் கிலோ. 100 கிலோமீட்டர் வேகத்தில் நாலரைக் கிலோவுக்கும் மேல். அந்த வேகத்தில் சக்கரம் விநாடிக்குப் பதினான்கு பதினைந்து தடவை சுழல்கிறது என்பதையும் சேர்த்து நினைத்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த இழுப்பு சக்கரத்தை ஒருமுறை மேலே தூக்கி ஒருமுறை கீழே குத்துகிறது என்பது விளங்கும். வண்டித் தச்சர் இந்த வியாதியைக் கண்டதில்லை. ஆதலால் மருந்தும் தேடவில்லை.

சமவெளியின் கதை இது. கல்வராயன் மலையின் கதை வேறு. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியான அம்மலையில், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்ளும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர், சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். நாடு சுதந்திரமடைந்து கால் நூற்றாண்டுக்கு மேலான பிறகு, 1976-இல்தான் ஜாகீர் ஆட்சி ஒழிந்து மலை அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. கடுக்காயும் புளியும் தேனும் சாமையும் ஒற்றையடிப் பாதை வழியே தலைச்சுமையாக அடிவாரத்துச் சந்தைகளுக்கு இறங்கிய நாட்களில், சக்கரம் என்பது மலைக்காரர் கீழே வந்து பார்க்கிற பொருளாக இருந்தது. 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் பஸ் போகத் தொடங்கியதற்குப் பின்னே, மாட்டு வண்டி, குதிரை வண்டி என்ற இடைக்காலப் படிகளையெல்லாம் தாண்டி, மலை நேரே ரப்பர்ச் சக்கரத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த ரப்பர்ச் சக்கரம் எப்படி வந்தது? காற்றடைத்த சக்கரத்துக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காத்லாந்துக்காரர் 1845-இலேயே உரிமை வாங்கியிருந்தும் உலகம் அதை மறந்துவிட, 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியரான டன்லப் அதை மறுபடி கண்டுபிடித்து நிலைநாட்டினார் என்பது பிரசித்தமான விஷயம். சென்னையில், 1840 முதல் கோச்சு வண்டி கட்டிவந்த சிம்ப்சன் கம்பெனியில், சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவிக் கார் ஒன்றையும் 1905-இல் நீராவி பஸ் ஒன்றையும் செய்தார், 1912-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். காளைகளின் லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைப் பதம் பார்த்ததால், காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் இழுத்துச் சென்று ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று அவர் கதையைச் சொல்பவர்கள் சொல்வதுண்டு. பஸ்ஸுக்கு மாட்டு வண்டியால் பஞ்சர். மாட்டு வண்டியின் இரும்புப் பட்டாவால் கப்பிச் சாலைக்குக் காயம். சாலைகளின் நிலையை ஆராய எம். ஆர். ஜெயகர் தலைமையில் கமிட்டி அமைத்து, 1928-இல் அதன் அறிக்கையைப் பெற வேண்டிய அவசியம் அன்றைய அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. இரு யுகங்கள் ஒரே சாலையில் ஓடினால் வேறென்ன நடக்கும்!

டயரை இடம் மாற்றிப் போடும் வழக்கத்துக்கு விதை போட்டது ரப்பரின் விலை. அதை நீர் ஊற்றி வளர்த்தது யுத்தம். 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்து மலாயா ரப்பர் ஜப்பானியர் கைக்குப் போனபின், புது டயர் என்பது காசு கொடுத்தாலும் கிடைக்காத வஸ்துவாயிற்று. பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் பஸ் ஓடிய அந்தக் காலத்தில், தேய்ந்த டயருக்கு மேல்தோல் போட்டு மறுபடி ஓட்டும் கலை தமிழ்நாட்டில் நன்றாக வேரூன்றியது. யுத்தம் முடிந்து, 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை, 1952-இல் இந்த மேல்தோல் ரப்பரைச் செய்ய முற்பட்டு, அதன் வழியாகவே 1961-இல் எம்.ஆர்.எஃப். டயருக்கு வந்து சேர்ந்தார் என்பதிலிருந்து, ரீட்ரெடிங் தொழில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று ஊகிக்கலாம்.

டயர் நான்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. அம்பாசடர் போன்ற வண்டிகளில் பின் சக்கரம் வண்டியைத் தள்ளுகிறது. அதனால் அதன் நடுப்பட்டை தேயும். முன் சக்கரம் திரும்புகிறது. அதனால் அதன் தோள்பட்டை தேயும். மலையிறக்கத்தில் இந்த வித்தியாசம் பன்மடங்காகும்: வண்டியின் பாரமெல்லாம் முன்னே சாய, பிரேக்கின் பெரும்பங்கை முன் சக்கரங்கள் ஏற்க, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வெளிப்பக்கத்து டயரின் ஓரம் சாலையில் அரைபடும். இதை அப்படியே விட்டால் இரண்டு டயர் மொட்டையாகிற வேளையில் மற்ற இரண்டும் புதிதுபோல் இருக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுற்றி வரச் செய்தால் ஐந்தும் ஒன்றாகக் கிழமாகும். சர்க்கார் பஸ்களில் இதற்கே ஒரு வருணாசிரம ஒழுங்கு உண்டு. 1975-இல் தென்னார்க்காட்டுக்கென்று தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் அமைந்ததையடுத்து இந்தப் பகுதிச் சர்க்கார் பஸ்கள் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் வந்தன; புது டயர் முதலில் முன் அச்சில் உத்தியோகம் பார்க்கும், கொஞ்சம் தேய்ந்ததும் பின்னுக்குப் போகும், மேல்தோல் போட்டு வந்தபிறகு பின்னிலேயே காலத்தைக் கழிக்கும்; மறுபடி முன்னே வருவதில்லை. முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயமே இந்த ஏற்பாட்டின் தத்துவம்.

இவ்வளவு காலமும் பேலன்சிங் எங்கே இருந்தது என்று கேட்டால், தொழிற்சாலைகளில் இருந்தது. சுழலும் உறுப்புகளைச் சமன் செய்யும் முறைக்குக் கனடாவில் மார்ட்டின்சன் என்பவர் 1870-இல் உரிமை பெற்றார்; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரத்தில் ஷெங்க் கம்பெனி அதற்கான இயந்திரங்களைச் செய்யலாயிற்று. அவையெல்லாம் நீராவிச் சுழலிக்கும் மின்சார மோட்டாருக்கும் உரியவை. 1923-இல் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் கம்பெனி குறைந்த காற்றழுத்தமுள்ள பருத்த டயரைக் கொண்டுவந்த பிறகுதான், பிரயாணம் மெத்தென்று ஆனதோடு முன் சக்கரங்கள் நடுங்கும் வியாதியும் மோட்டார் உலகத்தில் பரவி, சக்கரத்தின் நிறையைப் பார்க்கும் அக்கறை கார்ப் பட்டறைக்குள் நுழைந்தது. நமது சாலைகளில் அந்த அக்கறைக்கு வெகுகாலம் இடமில்லை. கரும்பு ஏற்றி மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குச் சென்ற டயர் வண்டிகளும், நெல் மூட்டை லாரிகளும், குறுகிய சாலையில் எதிரும் புதிருமாக ஊர்ந்த காலத்தில், அம்பாசடர் எந்த வேகத்தில் ஓட முடியும்? ஆடினாலும், ஆட்டம் சாலையுடையதா சக்கரத்துடையதா என்று பிரித்தறிய முடியாத ஆட்டம் அது.

மாறுதல் மூன்று திசைகளிலிருந்து வந்தது. 1983-இன் இறுதியில் வெளிவந்த மாருதி, முன் சக்கரத்தாலேயே வண்டியை இழுக்கும் அமைப்பைச் சாதாரணக் குடும்பங்களுக்குப் பழக்கியது. இழுப்பதும் திரும்புவதும் நிற்பதில் பெரும்பங்கும் முன் சக்கரத்தின் தலையில் விழுந்ததால், டயரை மாற்றிப் போடுவது சிக்கனக்காரரின் வழக்கமாக மட்டும் இல்லாமல் எல்லோருக்கும் அவசியமாயிற்று. ரேடியல் டயர் பரவியது இரண்டாவது. பிரான்சில் மிஷலின் கம்பெனி 1946-இல் உரிமை வாங்கிய இந்த டயரை ஒரே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டும் மாற்ற வேண்டும், குறுக்கே மாற்றக்கூடாது என்று வெகுநாள் ஒரு விதி சொல்லப்பட்டு, பிறகு அது தளர்ந்துவிட்டது. சுழலும் திசையை அம்புக்குறியிட்டுக் காட்டும் டயர்களுக்கு மட்டும் இன்றும் அது பொருந்தும். மூன்றாவதும் முக்கியமானதும் சாலை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேலம்-உளுந்தூர்ப்பேட்டைச் சாலை நான்கு வழியாக அகன்றது. ஊர்ப்புற வழிகளைப் பல இடங்களில் இருவழியாகவே விட்டு, அதற்குப் பல உயிர்களைக் கப்பமாகக் கட்டினோம் என்பது தனிக்கதை. ஆயினும் கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர் தம் வாழ்நாளில் முதன்முதலாகத் தம் ஊர் எல்லையிலேயே நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது இந்தச் சாலையில்தான். தொட்டவுடன் ஸ்டீயரிங் நடுங்கியது. நடுக்கத்துக்கு மருந்தும் தொலைவில் இல்லை. அண்டையிலுள்ள புதுச்சேரியில் மானடெக் என்னும் நிறுவனம் பேலன்சிங் இயந்திரங்களைச் செய்கிறது.

அந்த இயந்திரத்தின் முன்னே சற்று நின்றால் விஷயம் தெளிவாகும். கழற்றிய சக்கரத்தை அச்சில் மாட்டி, கூம்பு வைத்து நடுவைப் பிடித்து முடுக்கி, ரிம்மின் அகலத்தையும் விட்டத்தையும் எண்களாகக் கொடுத்து, மூடியை இறக்கினால் சக்கரம் சில விநாடி சுழன்று நிற்கும். பலகையில் இரண்டு எண்கள் தோன்றும்: உள்பக்கம் 25, வெளிப்பக்கம் 10 என்பது போல. பையன் சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்ட, குறிப்பிட்ட இடத்தில் விளக்கு எரியும். அங்கே, கொக்கியுள்ள ஈயக்கட்டியை ரிம்மின் விளிம்பில் வைத்து இரண்டு தட்டுத் தட்டுவான். அலாய் சக்கரமானால் ஒட்டும் கட்டியை உள்ளே ஒட்டுவான். மறுபடி சுற்றினால் இரண்டு பக்கமும் பூஜ்யம். தேர்ந்த கடைக்காரர் இதற்கெல்லாம் முன்பாக ஸ்க்ரூடிரைவரால் ரிம்மின் உட்புறத்தைச் சுரண்டச் சொல்வார். மலையிலிருந்து இறங்கிய வண்டியானால் அங்கே செம்மண் காய்ந்து அப்பிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் ஈயம் வைத்தால், மண் உதிர்கிற அன்று ஈயமே நோயாகிவிடும்.

இனி வாதத்துக்கு வருவோம். சமநிலை என்பது டயரும் ரிம்மும் சேர்ந்த சக்கரத்தின் குணம். அது முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதால் அந்தக் குணம் மாறுவதில்லை. ரிம்மிலிருந்து டயரைப் பிரிக்காமல் சக்கரத்தை அப்படியே இடம் மாற்றினால், சாஸ்திரப்படி பேலன்சிங் கட்டாயமில்லை. காரின் சொந்தக்காரர் சொன்னதே சரி. டயரைப் பிரித்தெடுத்துப் பஞ்சர் ஒட்டினாலும், புது டயர் போட்டாலும், ரிம்மைத் தட்டி நிமிர்த்தினாலும் கட்டாயம் வேண்டும். இதில் தர்க்கத்துக்கு இடமில்லை. ஆனால் கடைக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. பின் சக்கரத்தின் கோளாறு ஆசனத்தின் வழியே மங்கலாகத்தான் தெரியும். பல மாதம் தெரியாமலும் இருக்கும். அதே சக்கரம் முன்னே வந்ததும் ஸ்டீயரிங் தண்டின் வழியே கைக்கு நேராகச் செய்தி அனுப்பும். பத்தாயிரம் கிலோமீட்டரில் ஒரு ஈயக்கட்டி உதிர்ந்திருக்கலாம். ரப்பர் ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்திருக்கலாம். எனவே, மாற்றிப் போட்ட அன்றே வண்டி எண்பதிலிருந்து நூறுக்குள் நடுங்கத் தொடங்கினால், வண்டிக்காரர் கடைக்காரரைத் திட்டுவார். திட்டு வாங்குவதைவிட முன்கூட்டியே சுழற்றிப் பார்த்துவிடுவது அவருக்கு லாபம், வருமானமும் லாபம். என் தீர்ப்பைக் கேட்டால், நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓடுகிறவர் முன்னுக்கு வருகிற இரண்டு சக்கரங்களை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். ஊருக்குள்ளேயே ஓடுகிறவர், நடுக்கம் கண்டால் ஒழிய, அந்தக் காசைச் சேமிக்கட்டும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டு பேலன்சிங் கேட்பவர்களும் உண்டு. அது அலைன்மென்ட் கோளாறு, அதற்கு ஈயம் மருந்தல்ல.

வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்தில் சரக்கேற்றி ஓடும் ஜீப்பு, பிக்கப் வண்டிக்காரர்களுக்கோ இந்த வாதமே அன்னியமானது. வளைவுகளில் மணிக்கு முப்பதைத் தாண்ட முடியாத சாலையில் 30 கிராம் ஏற்றத்தாழ்வு அரைக்கிலோ இழுப்புக்கூட இழுப்பதில்லை. டயரின் ஓரம் அரைபடுவதோ கண்ணெதிரே நடக்கிறது. ஆகவே அவர்கள் மாற்றிப் போடுவதில் தாராளமாகவும் சமன் பார்ப்பதில் அலட்சியமாகவும் இருப்பது நியாயமே. அவர்களுக்கும் டயர்க் கம்பெனி நிபுணர்களுக்கும் உள்ள தகராறு வேறு. நான்கில் நல்ல இரண்டு எங்கே இருக்க வேண்டும்? பின்னே என்கிறார்கள் நிபுணர்கள். ஈரச்சாலையில் பின்பக்கம் வழுக்கினால் சாமானிய ஓட்டுநரால் வண்டியை மீட்க முடியாது என்பது அவர்கள் காரணம். முன்னே என்கிறது மலை. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரம் என்பது அதன் காரணம். ஐப்பசி மழையில் கோமுகி அணையைத் தாண்டி ஏறுகிற பிக்கப்புகளைக் கவனித்தால், பெரும்பாலும் மலையின் கட்சியே ஜெயித்துக்கொண்டிருக்கிறது.